பழைய ஸ்டீல் எம்.டி.பி.யில் புது பார்ட்ஸ் மாட்டலாமா? பெங்களூருவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்சூர், மர்ஃபி டவுன், லிங்கராஜபுரம் பக்கம் நம்மவர்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே பழைய எம்.டி.பி. (மவுன்டன் பைக்) ஒன்று கிடப்பது சாதாரணம். ஸ்டீல் ஃப்ரேம், 26 இன்ச் வீல், துருப்பிடித்த செயின். நான் வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு வேலை பார்க்கும்போதெல்லாம் யாராவது நின்று இதே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே போட்டிருக்கிறேன். எந்தப் பதிலைப் படித்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள்: பார்ட்ஸ் வாங்கக் கிளம்புவதற்கு முன் ஃப்ரேமை அளந்துவிடுங்கள்.

அண்ணா, பத்துப் பதினஞ்சு வருஷமா சும்மா கிடக்குது. இதுக்குச் செலவு பண்ணலாமா, இல்ல புதுசே வாங்கிடலாமா?

எந்த ஃப்ரேம் என்று பார்க்க வேண்டும். 1990-களில் வெளிநாட்டிலிருந்து வந்த ட்ரெக், ஜயன்ட் மாதிரி சைக்கிள்களில் சீட் ட்யூபில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் 4130, குரோமொலி, டாங்கே, ரெனால்ட்ஸ் என்று ஏதாவது இருந்தால் அது நல்ல கலப்பு ஸ்டீல் குழாய், தாராளமாகச் செலவு பண்ணுங்கள். நம்மூர் ஹெர்குலிஸ், ஹீரோ, பி.எஸ்.ஏ. எம்.டி.பி.க்கள் பெரும்பாலும் ஹை-டென்சைல் ஸ்டீல். கனம் கூடுதல், ஆனால் முரட்டு உழைப்பு உழைக்கும். அவற்றில் பிரேக், டயர், ரிம், ஓவராயில் (முழுக்கப் பிரித்துச் சுத்தம் செய்து கிரீஸ் போடுவது) வரை போகலாம். முழு கியர் செட் போடுவதென்றால் கீழே ஹேங்கர் (பின் கியர் மாட்டும் காது) பற்றிய பதிலைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

பணம் மிச்சம் பிடிக்கலாம் என்று மட்டும் இதில் இறங்க வேண்டாம். எல்லாவற்றையும் மாற்றினால் புது சைக்கிள் விலை வந்து நிற்கும். நல்ல ஸ்டீல் ஃப்ரேமின் ஓட்டம் பிடித்திருக்கிறது, கேரியரும் மட்கார்டும் மாட்டி ஊர் சுற்ற வேண்டும், கையால் ஒன்றைச் சரிசெய்து பழக வேண்டும் என்றால் இதைவிட நல்ல வேலை கிடையாது.

ஃப்ரேம் நல்லா இருக்கான்னு நானே எப்படிப் பார்க்கிறது?

முதலில் துணியால் நன்றாகத் துடையுங்கள். ஹெட் ட்யூபும் (ஹேண்டிலுக்குக் கீழே இருக்கும் குட்டைக் குழாய்) அதிலிருந்து பெடல் பக்கம் சரிந்து இறங்கும் டௌன் ட்யூபும் சேரும் இடத்தின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். எங்கேயாவது முன்பக்கமாக இடித்திருந்தால் அங்கேதான் பெயின்ட் சுருங்கி, மெல்லிய அலை மாதிரி தடித்திருக்கும். விரல் நகத்தை மேலே ஓட்டினால் தெரியும். அந்தச் சுருக்கமோ, முடி அளவு விரிசலோ இருந்தால் அந்த ஃப்ரேமை விட்டுவிடுங்கள்.

அப்புறம் சீட் போஸ்ட்டைக் கழற்றிவிட்டு சைக்கிளைத் தலைகீழாகப் பிடித்து ஒரு தட்டு தட்டுங்கள். கொஞ்சம் சிவப்புத் தூள் கொட்டினால் பரவாயில்லை, செதில் செதிலாக வந்தால் உள்ளே அரித்திருக்கிறது. பெங்களூருவில் ஜூனில் தொடங்கும் மழை நவம்பர் வரை விட்டு விட்டுப் பெய்யும். அந்தத் தண்ணீரெல்லாம் சீட் ட்யூப் வழியாக இறங்கி பி.பி. கூட்டில்தான் (பாட்டம் பிராக்கெட், பெடல் அச்சு சுற்றும் இடம்) தேங்கும். போஸ்ட் அலுமினியமாக இருந்தால் ஸ்டீலோடு இறுகிப்போய் வராமல் அடம்பிடிக்கும். சைக்கிளைக் கவிழ்த்து, பி.பி. பக்கமிருந்து துருவை இளக்கும் எண்ணெய் விட்டு ஓரிரு நாள் ஊறப் போடுங்கள். சுத்தியலால் அடிக்காதீர்கள், பழைய சீட்டைப் பிடித்துத் திருப்பித் திருப்பி எடுக்க வேண்டும்.

கடைசியாக நூல் சோதனை. பின் வீலைக் கழற்றி, ஆக்சில் உட்காரும் ட்ராப்-அவுட் ஒன்றில் நூலைக் கட்டி, ஹெட் ட்யூபைச் சுற்றிக் கொண்டுவந்து மறுபக்க ட்ராப்-அவுட்டில் இறுக்கிக் கட்டுங்கள். சீட் ட்யூபிலிருந்து இரண்டு பக்க நூலுக்கும் உள்ள இடைவெளி சமமாக இருந்தால் பின்பகுதி நேராக இருக்கிறது.

அளக்கணும் அளக்கணும்னு சொல்றீங்க. என்னத்த அளக்கணும்?

எஸ்.ஜே.பி. ரோட்டில் ஒரு வெர்னியர் (மி.மீ. துல்லியமாக அளக்கும் கருவி) வாங்கிக்கொள்ளுங்கள். பின் ட்ராப்-அவுட் இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி; பி.பி. கூட்டின் அகலம், ஹேண்டில் ஸ்டெம் உள்ளே நுழையும் தண்டின் விட்டம், சீட் போஸ்ட் விட்டம். இந்த நான்கும் போதும். பின் இடைவெளி 1990-களின் எம்.டி.பி.யில் 130 அல்லது 135 மி.மீ. இருக்கும். பி.பி. கூடு 68 அல்லது 73. ஸ்டெம் பெரும்பாலும் 22.2. சீட் போஸ்ட் மட்டும் 25.4, 26.6, 26.8, 27.2 என்று பல அளவில் வரும், 0.2 மி.மீ. வித்தியாசம்கூட முக்கியம்.

அளந்ததை ஒரு தாளில் எழுதி போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் நிற்கும்போது அதுதான் உதவும்.

26 இன்ச் டயர் இனிமே கிடைக்காதாமே?

கிடைக்கும். விலை கூடிய புது எம்.டி.பி.க்கள் 27.5, 29 என்று போய்விட்டாலும் நம் நாட்டில் 26 இன்ச் சைக்கிள்கள் லட்சக்கணக்கில் ஓடுகின்றன. கவனிக்க வேண்டியது வேறு. 26 என்று போட்டதெல்லாம் ஒரே அளவு கிடையாது. எம்.டி.பி. டயர் 26 x 2.1 மாதிரி புள்ளி வைத்த எண்ணில் வரும், அதன் ரிம் அளவு 559 மி.மீ. சாதாரண சைக்கிளின் 26 x 1 3/8 டயர் 590 மி.மீ. ரிம்முக்கானது. டயர் பக்கவாட்டில் 559 என்ற எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஃப்ரேமுக்கும் டயருக்கும் நடுவே பக்கத்துக்கு 5 மி.மீ. இடம் விட்டு, எவ்வளவு அகலம் போக முடியுமோ அவ்வளவு போடுங்கள். காற்றைக் கல் மாதிரி அடிக்க வேண்டாம். 2.1 அகல டயரில் சாதாரண எடை உள்ளவருக்கு 35 பி.எஸ்.ஐ. பக்கம் போதும். பழைய சைக்கிளில் ஓட்டம் மாறியது உடனே தெரிய வேண்டுமா, முதலில் டயரை மாற்றுங்கள்.

27.5 வீல் உள்ளே போகுதே, அதையே போட்டுடலாமா?

வீல் போகும், பிரேக் போகாது. 27.5-இன் ரிம் 584 மி.மீ.; ஆரத்தில் 12.5 மி.மீ. அதிகம். பிரேக் கட்டை ரிம்மைத் தொடாமல் அதற்குக் கீழே கம்பிகள் பக்கம் போய்விடும். 26-லேயே இருங்கள்.

முதல்ல கியரா, பிரேக்கா?

பிரேக். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. அதிலும் முதலில் ரிம்மைப் பாருங்கள். பளபளவென்று குரோம் பூசிய ஸ்டீல் ரிம்மாக இருந்தால் மழையில் பிரேக் பிடித்தும் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். அலுமினிய ரிம்முக்கு மாறினாலே பாதிப் பிரச்சினை தீரும், வீலும் லேசாகும்.

அடுத்தது பிரேக் செட். ஃபோர்க்கில் பிரேக் மாட்டும் இரண்டு குமிழ்கள் இருந்தால் பழைய கேன்டிலிவர் பிரேக்கைக் கழற்றிவிட்டு வி-பிரேக் (இரண்டு நீளக் கைகள் ரிம்மைப் பக்கவாட்டில் பிடிக்கும் பிரேக்) போடலாம். சைக்கிள் பார்ட்ஸ் செய்யும் ஷிமானோ கம்பெனி 1996-இல் கொண்டுவந்தது. நம் கடைகளில் பவர் பிரேக் என்று கேளுங்கள். கூடவே லீவரையும் மாற்ற வேண்டும், இங்கேதான் நிறையப் பேர் கஞ்சத்தனம் பண்ணுகிறார்கள். வி-பிரேக்குக்கு கேபிள் அதிக நீளம் இழுபட வேண்டும். பழைய லீவர் அவ்வளவு இழுக்காது. கைப்பிடி வரை லீவர் வந்துவிடும், வண்டி நிற்காது. புது கேபிள், புது கட்டை, புது லீவர் மூன்றும் சேர்ந்தால் இரண்டு விரலில் நிறுத்தலாம்.

டிஸ்க் பிரேக் வேணும். வெல்டர் ஒருத்தர் கிளாம்ப் வெச்சு வெல்டு பண்ணித் தரேங்கிறார்.

வேண்டாம். டிஸ்க் பிரேக் பிடிக்கும்போது வரும் மொத்த விசையும் காலிபர் உட்கார்ந்திருக்கும் சின்ன இடத்தில் ஏறும். பழைய ஃப்ரேமின் பின் குழாய்களும் ஃபோர்க்கும் அதற்காகச் செய்யப்பட்டவை கிடையாது. குரோமொலி குழாயின் சுவர் ஒரு மி.மீ.க்கும் கீழே, கதவு, கிரில் வெல்டு பண்ணும் கையால் அதைச் சூடாக்கினால் அந்த இடமே பலவீனமாகிவிடும். முன்ஃபோர்க் இறக்கத்தில் முறிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நல்ல வி-பிரேக்கும் அலுமினிய ரிம்மும் இந்த சைக்கிளுக்குத் தாராளம்.

ஃப்ரீவீல், கேசட்டுங்கிறாங்க. எல்லாம் பல் சக்கரம்தானே?

பார்வைக்கு ஒன்றுதான், உள்ளே வேறு. ஃப்ரீவீல் என்பது ஹப்பின் மேல் மரையில் திருகி உட்காரும். அதனால் வலப்பக்க பால்ஸ் (பேரிங் குண்டுகள்) ஃப்ரீவீலுக்கு உட்புறத்தில் போய்விடும்; ஆக்சிலின் ஒரு நீளம் தாங்கலே இல்லாமல் நிற்கும். ஏழு கியர் சைக்கிளில் பின் ஆக்சில் அடிக்கடி வளைவதற்குக் காரணம் இதுதான். கேசட் ஹப்பில் ஃப்ரீ பாடி (பல் சக்கரங்கள் ஏறி உட்காரும் உருளை) ஹப்போடு சேர்ந்தே இருக்கும், பால்ஸ் வெளிப்பக்க ஓரத்துக்கு வந்துவிடும். ஆக்சில் தாங்கும்.

ஃப்ரீவீலிலிருந்து கேசட்டுக்குப் போக ஹப்பை மாற்ற வேண்டும், அதாவது வீலைப் புதிதாகக் கட்ட வேண்டும். இதுதான் பெரிய செலவு. 135 மி.மீ. குயிக் ரிலீஸ் ஹப் கேளுங்கள். 142, 148 என்று வரும் த்ரூ ஆக்சில் ஹப் எதுவும் இதில் உட்காராது. பழைய வீல் ஒன்றை யாராவது மலிவாகக் கொடுத்தால் ரிம் பக்கவாட்டைத் தடவிப் பாருங்கள். டிஸ்க் ரிம்மில் பிரேக் கட்டை பிடிக்கும் தட்டையான சுவர் இருக்காது. டிஸ்க் ஹப் இருந்தால் பரவாயில்லை, டிஸ்க் ரிம் கூடாது.

முன்னாடி ஒரே செயின்ரிங், பின்னாடி பெரிய கேசட். எத்தனை ஸ்பீடு போடறது?

ஒன்பது அல்லது பத்து. ஷிமானோவின் 8, 9, 10 ஸ்பீடு கேசட்டுகள் ஒரே மாதிரி ஃப்ரீ பாடியில் ஏறும், எம்.டி.பி. 11 ஸ்பீடும் அதிலேயே ஏறும். ஷிமானோ 12-க்குப் போனால் மைக்ரோ ஸ்ப்லைன் என்ற தனி பாடி வேண்டும், ஹப்பும் அதற்கேற்ப வேண்டும். செயினும் கேசட்டும் விலை ஏறும். பழைய ஃப்ரேமில் அதற்குத் தேவையே இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய மூன்று செயின்ரிங்கில் சின்னது 28, பின்னால் பெரிய பல் 28 என்றால் ஒரு மிதிக்கு வீல் ஒரு சுற்று, சுமார் 2 மீட்டர். முன்னால் 32, பின்னால் 42 போட்டால் ஒரு மிதிக்கு ஒன்றரை மீட்டர். நகரத்திலிருந்து 60 கி.மீ. மிதித்துப் போய் நந்தி மலை ஏறும்போது அந்த அரை மீட்டர்தான் உட்கார்ந்து ஏறுவதற்கும் இறங்கித் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம். மைக்ரோஷிஃப்ட் கம்பெனியின் அட்வென்ட் 9 ஸ்பீடில் 11-42 கேசட் வருகிறது, அட்வென்ட் எக்ஸ் 10 ஸ்பீடில் 11-48. இரண்டும் இந்த மாதிரி வேலைக்கு ரொம்பப் பொருத்தம்.

ஷிஃப்டரும் (ஹேண்டிலில் கியர் மாற்றும் பிடி) டிரெய்லரும் (பின்னால் செயினைப் பல்லுக்குப் பல் தள்ளும் டிரெய்லியர்) ஒரே குடும்பத்திலிருந்து வாங்குங்கள். ஷிமானோவிலேயே எம்.டி.பி. 9 ஸ்பீடுக்கும் 10 ஸ்பீடுக்கும் கேபிள் இழுக்கும் அளவு வேறு. கலந்து போட்டால் எந்த கியரும் நேராக உட்காராது. முன்பக்கம் நேரோ-வைட் பல் (ஒன்று ஒல்லி, ஒன்று தடிப்பு என்று மாறி மாறி வரும்) உள்ள செயின்ரிங்கும் பின்பக்கம் செயினைத் தொய்யவிடாத கிளட்ச் உள்ள டிரெய்லரும் இருந்தால் குழி விழுந்த ரோட்டில் செயின் கழலாது.

பழைய தம்ப் ஷிஃப்டரை விட மனசு வரல. அத வெச்சுக்கிட்டே ஒன்பது ஸ்பீடு ஓட்ட முடியுமா?

க்ளிக் இல்லாத ஃப்ரிக்ஷன் ஷிஃப்டராக இருந்தால் முடியும், நன்றாகவும் இருக்கும். எத்தனை பல் என்று அதற்குத் தெரிய வேண்டியதில்லை, உங்கள் கட்டைவிரலுக்குத் தெரிந்தால் போதும். முந்தின பதிலில் சொன்ன குடும்பப் பொருத்தமும் இதற்குத் தேவையில்லை.

பின்னாடி 130 தான் இருக்கு, புது ஹப் 135. முக்கி உள்ளே தள்ளிட்டா போதுமா?

130-க்கு 135 என்றால் பக்கத்துக்கு 2.5 மி.மீ.தான். கையால் விரித்து மாட்டினாலே ஸ்டீல் கொடுத்துப் போகும். ஒவ்வொரு பஞ்சருக்கும் அப்படி மல்லுக்கட்ட முடியாது என்றால் ஒரேயடியாக விரித்துவிடலாம். நீளமான மரைக்கம்பி, நான்கு நட்டு, பெரிய வாஷர் இருந்தால் போதும். ட்ராப்-அவுட்டுகளுக்கு நடுவே வைத்து நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளுங்கள். 135 வேண்டுமென்றால் அதைத் தாண்டி விரித்தால்தான், விட்டவுடன் சுருங்கி 135-இல் நிற்கும். இரண்டு பக்கமும் சமமாக வளையும் என்று நம்பாதீர்கள். மேலே சொன்ன நூல் சோதனையை நடுநடுவே செய்து பாருங்கள்.

விரித்த பிறகு ட்ராப்-அவுட்டுகள் ஒன்றுக்கொன்று இணையாக இருக்காது. கியர் ஹேங்கரும் சாய்ந்திருக்கும். ஹேங்கர் கேஜ் உள்ள கடையில் கொடுத்து நேராக்குங்கள். அலுமினிய ஃப்ரேமில் இதையெல்லாம் முயற்சி செய்யவே கூடாது, விரிசல் விடும். சிங்கிள் ஸ்பீடு சைக்கிளின் 110, 120 மி.மீ. இடைவெளியை 135-க்குக் கொண்டுபோகவும் நான் சொல்ல மாட்டேன்.

என் சைக்கிள்ல டிரெய்லர் மாட்டற ஓட்டையே இல்லையே?

நம்மூர் எம்.டி.பி. பலவற்றில் இருக்காது. ஆக்சில் நட்டோடு சேர்த்து இறுக்கும் தகடு ஹேங்கர் கிடைக்கும், அதில் ஏழு ஸ்பீடு வரை ஓட்டலாம். பெரிய கேசட், கிளட்ச் டிரெய்லர் என்று போனால் அந்தத் தகடு அசைந்துகொண்டே இருக்கும். அதனால்தான் இந்த ஃப்ரேம்களுக்கு முழு கியர் செட் வேண்டாம் என்பது. ஒற்றை கியரோ, ஏழு ஸ்பீடு ஃப்ரீவீலோ போட்டு, மிச்சப் பணத்தை வீலுக்குக் கொடுங்கள்.

காட்டர் பின் கிராங்கு கடகடன்னு ஆடுது. புது பி.பி. போகுமா?

கூட்டில் மரை இருந்தால் அநேகமாகப் போகும். 68 மி.மீ. கூடு, 1.37 இன்ச் விட்டம், இன்ச்சுக்கு 24 மரை என்ற பி.எஸ்.ஏ. அளவுதான் இன்றும் உலகம் முழுக்க ஓடுகிறது. பழைய கப்பைக் கழற்றிவிட்டு சீல்டு கார்ட்ரிட்ஜ் போடலாம். செயின் பக்கத்துக் கப் எதிர்த்திசை மரை: இறுக்க இடப்பக்கம் திருப்ப வேண்டும், கழற்ற வலப்பக்கம். இது தெரியாமல் நீளக் குழாய் மாட்டி இன்னும் இறுக்கி மரையைக் கெடுத்த கூடுகள் ஏராளம்.

சதுர ஆக்சில் பி.பி. 110, 113, 118, 122.5 என்று பல நீளத்தில் வரும். கிராங்குக்கு எது என்று கிராங்கு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். 24 மி.மீ. ஆக்சில் உள்ள ஹாலோடெக் கிராங்கும் இதே கூட்டில் உட்காரும், கூடவே வரும் 2.5 மி.மீ. வளையங்களில் 68 கூட்டுக்கு வலப்பக்கம் இரண்டும் இடப்பக்கம் ஒன்றும் போட வேண்டும். கூட்டின் ஓரத்தில் பெயின்ட் கட்டியாக இருந்தால் முதலில் சுரண்டி எடுங்கள்.

ஹேண்டில் ரொம்பக் குறுகலா, ரொம்ப முன்னாடி இருக்கு. புது ஹேண்டில் போகுமா?

ஸ்டெம் விட்டம் 22.2 என்றால் குயில் (quill) அடாப்டர் ஒன்றை ஃபோர்க்கில் இறக்கி அதன் மேல் புது ஸ்டெம்மும் 31.8 ஹேண்டிலும் மாட்டலாம். அடாப்டரில் போட்டிருக்கும் குறைந்தபட்சக் கோடு உள்ளே மறைந்திருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். 780 மி.மீ. ஹேண்டில் வேண்டாம். பழைய ஃப்ரேமின் நீளத்துக்கு 680 முதல் 720 வரை, 70-80 மி.மீ. ஸ்டெம்மோடு அளவாக இருக்கும். சிவாஜிநகர் ட்ராஃபிக்கில் நுழைந்து வெளியே வரவும் அதுதான் வசதி.

முன்னாடி சஸ்பென்ஷன் ஃபோர்க் போட்டா துரஹள்ளி, அவலஹள்ளி மண் பாதையில ஓட்டலாமே?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, பதில் பெரும்பாலும் வேண்டாம் என்பதே. பழைய ரிஜிட் (சஸ்பென்ஷன் இல்லாத) ஃபோர்க்கின் உயரம், ஆக்சிலிலிருந்து மேலே கிரௌன் (இரண்டு கால்களும் சேரும் இடம்) வரை, 400 மி.மீ. பக்கம். 100 மி.மீ. ட்ராவல் (அமுங்கும் அளவு) உள்ள 26 இன்ச் சஸ்பென்ஷன் 470 பக்கம் வரும். 20 மி.மீ. கூடினால் ஹெட் கோணம் சுமார் ஒரு டிகிரி சாயும். இங்கே மூன்று டிகிரிக்கு மேல். முன்பக்கம் எழும்பி, திருப்பத்தில் ஹேண்டில் தானாகச் சரிந்து விழும். டௌன் ட்யூப் சேரும் இடத்தில் நெம்பும் விசையும் கூடும். முதலில் பார்க்கச் சொன்ன அதே இடம். 1 இன்ச் ஹெட்செட் உள்ள ஃப்ரேமுக்குப் புது சஸ்பென்ஷன் கிடைப்பதும் குதிரைக்கொம்பு.

தொழிற்சாலையிலேயே சஸ்பென்ஷனோடு வந்த 1990-களின் ஃப்ரேமாக இருந்தால் அதே உயரத்தில் 63, 80 மி.மீ. ஃபோர்க் தேடலாம். மற்றவர்கள் அகல டயர், குறைந்த காற்று, நல்ல க்ரிப். மண் பாதையில் இவை செய்யும் வேலை போதுமானது.

பக்கத்துக் கடைக்காரர் பார்த்ததுமே "ஆகல்லா" (முடியாது)ன்னுட்டார். யாரிடம் கொடுக்கிறது?

வேலையைப் பிரித்துக் கொடுங்கள். ஓவராயில், கோட்டம் எடுப்பது, கம்பி கட்டுவது எல்லாம் அல்சூர், சிவாஜிநகர் பழைய கடைப் பெரியவர்கள் கை. ஹப்பைத் திறந்தால் பின்னால் பக்கத்துக்கு 1/4 இன்ச் பால்ஸ் 9, முன்னால் 3/16 இன்ச் 10 என்று எண்ணிப் போடச் சொல்லுங்கள். பழைய பால்ஸைத் திருப்பிப் போட வேண்டாம். கியர் ட்யூனிங், ஹேங்கர், ஹாலோடெக் இதெல்லாம் கியர் சைக்கிள் விற்கும் கடை. வளையமோ புஷ்ஷோ கடைந்து வேண்டுமென்றால் பீன்யாவில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை, அளவு எழுதிய தாளோடு போங்கள்.

எல்லாம் மாட்டியாச்சு. ஏத்தத்துல மிதிச்சா செயின் தவ்வுது, ஏன்?

வரிசையாகப் பாருங்கள். பழைய கேசட்டில் புது செயின் போட்டீர்களா? தேய்ந்த பல்லில் புது செயின் பிடிக்காது, இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். இரண்டும் புதிது என்றால் ஹேங்கர். பின்னாலிருந்து பார்த்தால் டிரெய்லரின் கூண்டு பற்களுக்கு நேராகத் தொங்க வேண்டும். அதுவும் சரி என்றால் பி-டென்ஷன் திருகு: பெரிய பல்லில் செயின் இருக்கும்போது மேல் குட்டிச் சக்கரம் கேசட்டில் உரசாமல் கொஞ்சம் தள்ளி நிற்கும்படி திருகுங்கள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் தவ்வினால் செயினில் இறுகிப்போன கண்ணி இருக்கும். மெதுவாகப் பின்னால் மிதித்தால் குட்டிச் சக்கரத்தைத் தாண்டும்போது துள்ளிக் காட்டிக்கொடுக்கும்.

இவை எதுவும் இல்லாமல் முதல் சில நாளில் மட்டும் கியர் தடுமாறினால் புது கேபிள் இழுபட்டு உட்காருகிறது என்று அர்த்தம். ஷிஃப்டர் பக்கத்துத் திருகை அரைச் சுற்று வெளியே எடுங்கள். அப்படியே கிராங்கு போல்ட்டையும் ஒருமுறை இறுக்கிவிடுங்கள். சதுர ஆக்சிலில் முதல் 100 கி.மீ.க்குள் அது கொஞ்சம் தளரும்.